சுபைறா ராத்தாவின் முன்னறை

எங்கள் ஊரில் பெண்பிள்ளை உள்ள வீட்டில் ஒரு புது அறைக்கு அத்திவாரம் வெட்டினால், அது எதற்கென்று யாரும் கேட்பதில்லை. மாப்பிள்ளைக்குத்தான். அந்தப் பக்கம் மருதமுனை, இந்தப் பக்கம் நிந்தவூர் என்று எங்கே போனாலும் இதே வழமைதான். வீடு பெண்ணுக்கு. ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு பெண்சாதி வீட்டுக்குப் போய்விட வேண்டும். நானும் அப்படிப் போனவன்தான். சம்மாந்துறையில் நெல் ஆலை வைத்திருக்கிறேன், நாலு பேருக்கு முதலாளி. ஆனாலும் வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றால் பெண்சாதியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அடிக்கிறேன். அதனால் கல்முனையில் இருக்கும் என் மூத்த சகோதரி சுபைறா ராத்தா, தன் வீட்டின் முன்பக்கம் நீளமாக ஓர் அறை கட்டத் தொடங்கியபோது, அவருடைய ஒரே மகள் அம்ஹாவுக்குக் கல்யாணம் என்று ஊர் முடிவு கட்டியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

அந்த அறை இரண்டு ஒலிபெருக்கிகளுக்காகக் கட்டப்படுகிறது என்பது வீட்டாருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வெளியில் சொன்னால் நம்பவா போகிறார்கள்?

ராத்தாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெருமையடிக்கிறான் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். என் ராத்தாவைப் பற்றி நான் பெருமை பேசாமல் வேறு யார் பேசுவது?

குடும்பநல உத்தியோகத்தர் என்பது அரசாங்கம் அவருக்குக் கொடுத்த பெயர். ஊரில் மிட்வைஃப் மிஸ். முதலில் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டரிலும் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய், பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்து, ஓய்வு பெறும் வரை அதே வேலைதான். அவருடைய பையில் மரத்தால் கடைந்த சின்னக் குழல் ஒன்று இருக்கும். ஒரு முனை புனல் மாதிரி விரிந்திருக்கும். விரிந்த முனையைத் தாயின் வயிற்றில் வைத்து, மற்ற முனையில் காதை வைத்தால் உள்ளே இருக்கும் பிள்ளையின் இதயத் துடிப்புக் கேட்கும். எனக்கு ஒரு தடவை வைத்துக் காட்டினார். என் பெண்சாதியின் வயிறு, என் பிள்ளை. ஆனாலும் எனக்கு ஓர் இழவும் கேட்கவில்லை. ஆலை இரைச்சலில் கெட்டுப்போன காது என்று என்னைத் திட்டிவிட்டு, தான் காதை வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஸ்கான் மெசின்கள் வந்துவிட்டன. ஆனாலும் ராத்தா குழலைக் கைவிடவில்லை.

அந்தக் காதுக்குப் பிடித்த இன்னொன்று பாட்டு. பாட்டுக் கேட்பது மார்க்கத்தில் கூடுமா, கூடாதா என்று வாதாட எங்கள் ஊரில் ஆட்களுக்குக் குறைவில்லை. ராத்தா அந்த வாதத்துக்குப் போவதில்லை. தொழுகை முடிய வேண்டும், வேலை முடிய வேண்டும், அதற்குப் பிறகு பாட்டு. பழைய வானொலிப் பாட்டுகள், றபான் அடித்துப் பாடும் பக்கீர்களின் பைத்துகள், தனி வயலின் என்று எல்லாம் கேட்பார். எல்லாவற்றையும் விட மனிதக் குரல்தான் அவருக்குப் பெரிது.

ஓய்வு பெற்றதும் கொழும்பிலிருந்து ஒரு பாட்டுச் செட் எடுப்பித்தார். மெல்லிய, உயர்ந்த, பளபளப்பான இரண்டு பெட்டிகள். ராத்தாவின் கணவர் ஜெமீல் மச்சானுக்குக் கல்முனை பஸாரில் புடைவைக் கடை. பளபளப்பைக் கண்டால் போதும், அவருக்கு மனம் நிறைந்துவிடும். ராத்தா ஒரு கிழமை கேட்டார். பிறகு என்னிடம் சொன்னார்:

“சத்தம் வருது றினாஸ். ஆள் வரல்ல.”

“சத்தத்தக் கூட்டிப் பாருங்க ராத்தா.”

“கூட்டினா சத்தம் பெருசாகுது. ஆள் அங்கயேதான் நிக்காங்க.”

என்ன பேச்சு இது என்றுதான் எனக்கு இருந்தது. ஆனாலும் ராத்தா சொன்னால் மறுப்பதில்லை. செட்டைக் காரைதீவில் பவிதரனிடம் கொண்டுபோய்க் காட்டினோம். கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் ஒலி அமைப்பு வைப்பவர், பழைய அம்பிளிஃபயர்களைத் திருத்துபவர். செட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இதில் ஒரு பிழையும் இல்லையே மிஸ் என்றார். ராத்தா அதைக் காதில் வாங்கவில்லை. பவிதரனின் வேலைக் கொட்டில் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே அலுமாரி அளவில் இரண்டு மரப்பெட்டிகள் நின்றன. மேலே பெயின்ற் பேணிகள். மூடிப்போன ஒரு படமாளிகையில் திரைக்குப் பின்னால் நின்ற ஒலிபெருக்கிகள் என்று பவிதரன் சொன்னார். கீழே, நாலைந்து பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சோற்றுச் சகன் அளவில் பெரிய கூம்பு. அதற்கு மேலே அகலமாக வாய் திறந்த இரும்புக் குழல். அந்தக் குழலைக் கண்டதும் ராத்தாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். வீதியில் பழைய சிநேகிதியைக் கண்டால் முகம் மாறுமே, அப்படி.

“இதப் போட ஏலுமா தம்பி?”

பவிதரன் தன் மேசையில் இருந்த உள்ளங்கை அளவு றேடியோவிலிருந்து வயரைக் கழற்றி அந்தப் பெட்டிகளுக்குக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

“இந்தச் சின்னச் சாமானா இவ்வளவு பெரிய பெட்டியத் தள்ளப் போகுது? என்ட மில்லுல மோட்டர் சின்னனெண்டா ஒண்டுமே சுத்தாது.”

“அது பாரம் இழுக்கிற கதை அண்ணன்,” என்றார் பவிதரன். “இது வேற. ஒங்கட மெல்லிய பெட்டி இரிக்கே, அது குடுக்கிற பவர்ல கிட்டத்தட்ட முழுசையும் சூடாக்கிப் போட்டிரும். சத்தமா வாறது துளிதான். இந்தப் பெட்டி அதே பவர்ல முப்பது மடங்கு சத்தம் தரும். ஒரு வாட் குடுத்தாலே வீடு நிறைஞ்சிரும்.”

நான் நம்பவில்லை. ராத்தா தலையாட்டினார்.

“ஓம் தம்பி, குழல் வெச்சா அப்பிடித்தான். வயித்துக்குள்ள இரிக்கிற புள்ளட துடிப்ப நான் பற்றரியும் இல்லாம வயரும் இல்லாமத்தானே கேட்டன்.”

பாட்டு வந்தது. யாரோ ஒரு பெண், எப்போதோ பாடியது. அவள் பாடத் தொடங்குவதற்கு முன் மூச்செடுத்தாள். என்னுடைய கெட்டுப்போன காதுக்கே அது கேட்டது. ஆர்மோனியத்தின் துருத்தி அமுங்கி விரிவதும் கேட்டது. ராத்தா கவிழ்த்து வைத்த ஒரு வாளியில் உட்கார்ந்துவிட்டார். பாட்டு முடிந்ததும் என்னைப் பார்த்து, “ஆள் வந்துட்டா,” என்றார்.

உடனே வாங்கிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். என் ராத்தா ஒரு வாழைக்குலை வாங்குவதென்றாலும் கடையைச் சுற்றி வருகிற ஆள். பவிதரனிடம் வேறு சோடிகளும் இருந்தன. கல்யாண வீடுகளுக்கு வைக்கும் புதுப்பெட்டிகளைக் கேட்டுப் பார்த்தார். அவையும் கொஞ்சப் பவரில் நிறையச் சத்தம் போடும் சாதிதான். ராத்தா காதைப் பொத்திக்கொண்டு, “இது பாடல்ல, கூப்பிடுது,” என்று தள்ளிவிட்டார். மண்டபமொன்றில் கழற்றி எடுத்த நெட்டைப் பெட்டிகளைக் கேட்டார். அதில் ஆண்குரல் சளி பிடித்த மாதிரி இருந்தது. கடைசியில் படமாளிகைச் சோடிக்கே திரும்பினார். கூம்புகளை விரலால் மெல்ல அமுக்கி உரசுகிறதா என்று பார்த்தார். ஒரு குழலுக்குள் மட்டும் ஏதோ கரகரக்கிறது என்றார். பவிதரன் இல்லை என்றார், பிறகு கழற்றிப் பார்த்து ஓம் என்றார். அதைத் திருத்திய பிறகுதான் என் ட்ரெக்டருக்கு வேலை வந்தது.

பிரதான வீதியால் அந்தப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்தபோது, என்ன றினாஸ், படமாளிகை திறக்கப் போறியா என்று கேட்காத ஆளில்லை. ஓம், நீங்கதான் முதல் டிக்கட் என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

அடுத்த சோதனை அம்பிளிஃபயர். ஜெமீல் மச்சான் பெண்சாதியைச் சந்தோஷப்படுத்த நினைத்து, மேடை நிகழ்ச்சிகளுக்கு வைக்கும் இராட்சச அம்பிளிஃபயர் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். ஆயிரம் வாட். பெரிய பெட்டிக்குப் பெரிய மெசின்தானே என்பது அவர் கணக்கு. என் கணக்கும் அதுதான். அதைப் பூட்டினால், பாட்டு வருவதற்கு முன்பே தாச்சியில் எண்ணெய் காய்கிற மாதிரி ஓர் இரைச்சல். சத்தம் கூட்டும் குமிழைத் தலைமயிர் அளவு திருப்பினால் பக்கத்து வீட்டார் மதிலால் எட்டிப் பார்க்கிறார்கள். பவிதரன் வந்து விளக்கினார். இந்தப் பெட்டிகளுக்குக் காது கூர்மை மாதிரி. அம்பிளிஃபயரின் சின்னக் குற்றத்தையும் பெரிதாக்கிக் காட்டிவிடும். ஆயிரம் வாட்டில் இதற்குத் தேவை முதல் ஒரு வாட்தான். அந்த முதல் வாட் சுத்தமாக இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ராத்தா அம்பிளிஃபயர் தெரிந்தெடுத்த விதம் இருக்கிறதே, அதை வேறெங்கும் நான் கண்டதில்லை. பவிதரன் ஒவ்வொன்றாகக் கொண்டுவருவார். ராத்தா பாட்டே போடமாட்டார். சும்மா பூட்டிவிட்டு, இரும்புக் குழலின் வாய்க்குள் தலையைக் கொண்டுபோய்க் காதை வைத்துக்கொண்டு நிற்பார்.

“என்னத்தத்தான் கேக்கிறீங்க?” என்று மச்சான் கேட்பார்.

“ஒண்டுமில்லாதத்த,” என்பார் ராத்தா. “மொதல்ல ஒண்டுமில்லாதது ஒழுங்காக் கேக்கணும். மறுகாத்தான் பாட்டு.”

சின்ன அம்பிளிஃபயர் ஒன்று அமைதியாக இருந்தது. ஆனால் குரல் காய்ந்த றொட்டி மாதிரி வந்தது. கடைசியில் பவிதரன் தன் கையால் கட்டிய வால்வு அம்பிளிஃபயர் வந்தது. இரண்டு பக்கமும் கண்ணாடிக் குமிழ்கள் செம்மஞ்சளாக எரியும். எட்டு வாட். என் கடை பல்ப் இதை விடப் பெரிசு என்று மச்சானுக்குக் கவலை. முதலில் அதில் தேனீ மாதிரி ஒரு ரீங்காரம் இருந்தது. பவிதரன் கம்பிகளை மாற்றி அதை ஒழித்தார். பிறகும் அடிச்சத்தம் தளர்ந்து கிடக்கிறது என்றார் ராத்தா. அம்பிளிஃபயரின் முதுகில், பெட்டியின் மின்தடைக்கு ஏற்ப, நாலு, எட்டு, பதினாறு ஓம் என்று மூன்று இணைப்புகள் இருந்தன. இந்தக் காலத்துப் பெட்டிகளை நினைத்துப் பவிதரன் எட்டில் பூட்டியிருந்தார். படமாளிகைப் பெட்டிகளோ பதினாறு ஓம். மாற்றிப் பூட்டியதும் றபான் தோலில் விரல் விழுவது தனியாகவும் தோல் அதிர்வது தனியாகவும் கேட்டது. ராத்தா கண்ணை மூடிக்கொண்டார். பவிதரன் வாயெல்லாம் பல்லாக நின்றார். ஆயிரம் வாட் மெசினை மச்சான் பெருநாள் வியாபாரத்துக்கு விளம்பரம் பண்ணக் கடைக்குக் கொண்டுபோய்விட்டார்.

ஆனால் வீட்டு மண்டபத்தில் இடம் போதவில்லை. குழலின் சத்தமும் கூம்பின் சத்தமும் ஒன்று சேர்ந்து ஓர் ஆளாக வருவதற்குக் கொஞ்சம் தள்ளி இருந்து கேட்க வேண்டும். ராத்தாவோ பெட்டிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் நெருக்குப்பட்டுக்கொண்டு இருந்தார். அப்படித்தான் முன்னறை வந்தது. நீளமாக, உயரமாக, தடித்த சுவரோடு, வீதிப்பக்கம் யன்னல் இல்லாமல்.

கட்டியவர் மீராலெவ்வை மேசன். எதற்கென்று கேட்காமலே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு நாள் ராத்தா போய்ப் பார்க்கிறார், பின்சுவரால் ஒரு தண்ணீர்க் குழாய் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

“இது என்ன மேசன்?”

“மாப்பிள்ளைக்கு அட்டாச் பாத்றூம் வேணாமா மிஸ்? நீங்க வெக்கத்துல சொல்லல்ல எண்டு நானே பைப்ப எடுத்து உட்டன்.”

ராத்தா சிரித்துவிட்டு, குழாயின் வாயில் ஒரு துணியைத் திணித்துவிட்டு வந்தார். மேசனைத் திருத்தாமல் சிரித்துவிட்டு வந்ததுதான் வினையாகப் போயிற்று. மேசன் ஊரெல்லாம் சொன்னார். தரகர் காதுக்குப் போனது. புது முன்னறை, தடித்த சுவர், அட்டாச் பாத்றூம் என்று கேள்விப்பட்டு அம்ஹாவுக்கு மாப்பிள்ளை பேசி வராத ஆளில்லை. ராத்தாவோ சுவர் காய்ந்ததுமே பெட்டிகளையும் தன் கதிரையையும் அங்கே கொண்டுபோய் வைத்துப் பாட்டுக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

அம்ஹா பட்டதாரி. நாவிதன்வெளியில் பிரதேச செயலகத்தில் வேலை. வந்த பேச்சுகள் ஒன்றும் அவளுக்குப் பிடிக்கவில்லை, ஒன்றைத் தவிர. நிந்தவூர்ப் பொடியன், பெயர் முர்ஷித். நீர்ப்பாசனத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். வாய்க்கால் வேலை விடயமாக அவளுடைய காரியாலயத்துக்கு வந்து போகிறவன். அந்தப் பெயரைச் சொன்னபோது பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு போய்த் தேத்தண்ணி ஊற்றினாள். அதற்கு மேல் என்ன வேண்டும்? ராத்தாவுக்கும் மச்சானுக்கும் மனம் குளிர்ந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு வீடு அம்ஹாவுக்கு. ராத்தாவும் மச்சானும் குசினிக்குப் பின்னால் இருக்கும் இரண்டு சின்ன அறைகளுக்கு மாறுவார்கள். அதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. எங்கள் உம்மாவும் அப்படித்தான் ராத்தாவுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனவர்.

பிறகுதான் தரகர் வந்து சொன்னார்: “முன்னறைக்கு நல்லா டைல் போட்டு, ஏசியும் பூட்டி வைங்க மிஸ். அந்த அறையச் சொல்லித்தான் மாப்பிள்ளட உம்மா ஓமெண்டவ.”

ராத்தா அன்றைக்கே எனக்குப் போன் எடுத்தார்.

“வாற வெள்ளிக்கிழம அவங்க வீடு பார்க்க வாறாங்க. காலையிலேயே ட்ரெக்டர எடுத்துட்டு வா. பெட்டி ரெண்டையும் பவிதரன்கிட்டத் திருப்பிக் குடுத்துரு.”

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. “என்ன கதை கதைக்கிறீங்க ராத்தா? அலைஞ்சு அலைஞ்சு தெரிஞ்செடுத்த சாமான். பின்பக்கத்துல வெச்சா என்ன?”

“அந்த அறைக்குள்ள பெட்டிய வெச்சா நான் வெளிய நிக்கணும்.”

“அப்ப தரகர்ட உண்மையச் சொல்லுங்க. அது மாப்பிள்ளைக்குக் கட்டின அறை இல்லையெண்டு.”

“சொல்லி, இந்தப் பேச்சுக் குழம்பினா? அவளுக்குப் புடிச்ச இடம் றினாஸ். புள்ளட வீட்டுல என்ட பெட்டி எதுக்கு?” பிறகு சொன்னார்: “கவலதான். ஏன் பொய் சொல்லணும். ஆனா அம்ஹாக்கிட்ட ஒண்டும் சொல்லிராத. பெட்டி எனக்கு அலுத்துப் போச்செண்டு சொல்லிக்கிறன்.”

ஊர்ப் பிள்ளைகளுக்காக வெயிலிலும் மழையிலும் திரிந்த மனுசி, தனக்கென்று கேட்டது ஓர் அறை. அதையும் கொடுத்துவிட்டுப் பொய் வேறு சொல்லப் போகிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அதனால் வெள்ளிக்கிழமை காலையில் நான் போகவில்லை. ட்ரெக்டர் வயலில் நிற்கிறது, நெல் ஏத்து இருக்கிறது என்று வேண்டுமென்றே சுணங்கினேன். ஜும்ஆத் தொழுகை முடிந்து, சாப்பிட்டு, ஆறுதலாகத்தான் ட்ரெக்டரை எடுத்தேன். நான் வாசலில் கொண்டுபோய் நிறுத்தவும் மாப்பிள்ளை வீட்டார் வானில் வந்து இறங்கவும் சரியாக இருந்தது. ராத்தா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

மாப்பிள்ளையின் உம்மா பெயர் றுகையா. நல்ல உயரம், எடுப்பான பார்வை. வந்ததும் வராததுமாக நேரே முன்னறைக்குப் போனார். பின்னால் நாலைந்து பெண்கள். நான் வாசல் பக்கமாக நின்றுகொண்டேன். றுகையா பெட்டிகளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சுவரில் துணி திணித்த குழாயைப் பார்த்தார்.

“லவுட்ஸ்பீக்கர் வாடகைக்குக் குடுக்கிற குடும்பமெண்டு தரகர் சொல்லல்லயே.”

கூட வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ராத்தாவின் முகம் சிவந்துவிட்டது.

“இல்ல மதினி, அது சும்மா வெச்ச. இண்டைக்கே போயிரும். தம்பி ட்ரெக்டர் கொண்டாந்திரிக்கார். டைல் போட்டு, பாத்றூமும் முடிச்சுத் தாறம்.”

அம்ஹா சர்பத் தட்டோடு வந்து கதவடியில் நின்றதை அப்போதுதான் எல்லாரும் கண்டோம்.

“எது போயிரும் உம்மா?” என்று கேட்டாள்.

“நீ உள்ளுக்குப் போ மகள். மறுகாக் கதைப்பம்.”

அவள் போகவில்லை. தட்டைக் கொண்டுபோய்ப் பெட்டிக்கு மேலேயே வைத்தாள். கண்ணாடிக் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டின.

“உம்மா, கல்யாணம் முடிஞ்சா இது ஆருட வீடு?”

“ஒண்ட வீடுதான்.”

“அப்ப என்ட வீட்டுல எந்த அறையில என்ன இரிக்கணுமெண்டு நாந்தானே சொல்லணும்?”

எனக்கு எங்கள் வழமையை இப்படித் திருப்பிப் பிடிக்கலாம் என்று அதுவரை தோன்றியதே இல்லை. அம்ஹா றுகையாவின் பக்கம் திரும்பினாள்.

“மாமி, நீங்க கோவிச்சுக்கப்படாது. தரகர் ஒங்களுக்குப் பிழையாச் சொல்லிட்டார். இது மாப்பிள்ளைக்குக் கட்டின அறை இல்ல. எங்கட உம்மா பாட்டுக் கேக்கிறதுக்குக் கட்டினது. மாப்பிள்ளைக்கு நடு அறை இரிக்கி, அதுக்கு ரெண்டு யன்னல். முன்னறை மட்டும் தர ஏலாது. நான் பொறந்த நாள்ல இருந்து உம்மா ஓடிக்கிட்டு இரிக்கிறத்தத்தான் பார்த்திரிக்கன். அவ ஒரு இடத்துல இருந்து நான் கண்டது இந்த அறையிலதான்.”

வானில் கூட வந்த தரகர் வெளியில் நின்று செருமினார். ராத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சரி, பேச்சு முடிந்தது, மாப்பிள்ளை வீட்டாரை வானில் ஏற்றிவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதும் எனக்குக் கவலை வரவில்லை. நெஞ்சு நிமிர்ந்து நின்றது.

றுகையா பிள்ளையை நன்றாக ஒருதரம் பார்த்தார். பிறகு பெட்டிகளைப் பார்த்தார்.

“அப்பிடி இதுல என்னதான் கேக்குது? போடுங்க, பாப்பம்.”

வால்வுகள் சூடேறும் வரை எல்லாரும் நின்றார்கள். அம்ஹாதான் பாட்டைப் போட்டாள். வயது போன ஒரு பெண்குரல், பக்கத்தில் றபான் மட்டும். தாய் பிள்ளையை உறங்கவைக்கும் பாட்டு. முதல் மூச்சு வந்ததும் சிரித்துக்கொண்டு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், யாரோ அறைக்குள் வந்துவிட்ட மாதிரி. சத்தம் பெரிதில்லை, வெளியில் நின்ற தரகருக்குக்கூடக் கேட்டிராது. றுகையா மெல்லப் போய் ராத்தாவின் கதிரையில் உட்கார்ந்தார். யாரும் அவரை இருக்கச் சொல்லவில்லை. பாட்டு முடியும் வரை எழும்பவும் இல்லை.

முடிந்ததும் எங்களில் யாரையும் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துச் சொன்னார்:

“நான் மூணு பொம்புளப் புள்ளைக்கு மூணு வீடு குடுத்தன். இப்ப சின்னவட குசினிக்குப் பக்கத்துல ஒரு கட்டில் போட்டு இரிக்கன். உம்மாக்கும் ஒரு அறை வேணுமெண்டு ஒரு புள்ளையும் சொல்லல்ல. எனக்கும் கேக்கத் தெரியல்ல.”

கூட வந்த பெண்களில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். அவள்தான் சின்ன மகள் என்று பிறகு தெரிந்தது.

றுகையா எழும்பி வந்து அம்ஹாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வாசல் பக்கம் திரும்பித் தரகரைக் கூப்பிட்டு, “நாளப் பாருங்க,” என்றார். பிறகு ராத்தாவிடம், “மதினி, இந்தப் பெட்டிய எடுத்தீங்கெண்டா நான் இந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டன்,” என்றார்.

ராத்தா அழுதார். அம்ஹா அழுதாள். நானும் அழுதிருப்பேன்; மச்சான் என்னை முந்திக்கொண்டு சத்தமாகவே அழுதுவிட்டார், அதனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அஸர் தொழுகைக்குப் பிறகு நான் வெளிக்கிட்டேன். அந்தப் பெண்குரலை றுகையா இன்னொருதரம் போடச் சொல்வது வாசல் வரை மெல்லக் கேட்டது. நெல் ஆலைக்காரனுக்கு வெறும் ட்ரெயிலர் ஓடுவதைப் போல எரிச்சல் வேறில்லை. டீசல் எரிகிறதே என்று வழியெல்லாம் வயிறெரியும். அன்றைக்கு அந்த வெறும் ட்ரெயிலரைக் கடகடவென்று இழுத்துக்கொண்டு, கல்முனை பஸாருக்கு நடுவால், வேண்டுமென்றே மெதுவாகத்தான் ஓட்டினேன்.